குடியிருக்கும் வீட்டை ஈடு வைத்து வாடகை வீடு: எந்தக் கடன் தோது?

சென்னையில் 50 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட்டை வாடகைக்கு விட வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு, சொத்து மதிப்பில் 80 சதவீதம். ஆக 40 லட்சம் கிடைக்கும். மீதி 10 லட்சம், முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம் என்று 4.5 லட்சம், மொத்தம் 14.5 லட்சம் கைப்பணம் வேண்டும். இதற்குத்தான் சொந்த வீட்டை ஈடாக வைக்கிறோம்.

அந்த வீட்டின் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதன் மேலேயே கூடுதலாக வாங்கும் டாப்-அப் கடனே முதல் தேர்வு. பத்திரங்கள் ஏற்கெனவே வங்கியில் இருப்பதால் அலைச்சல் குறைவு. அடமானக் கடனைவிட வட்டியும் பொதுவாகக் குறைவு. கடன் முழுக்க அடைந்த வீடென்றால் சொத்து அடமானக் கடன். மதிப்பைக் காட்டிப் பெருந்தொகை தர முன்வருவார்கள். தேவைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். மூன்றாவது வழி, வீட்டை ஈடு வைத்து வாங்கும் ஓவர்டிராஃப்ட். அதில் எடுத்த பணத்துக்கு மட்டுமே வட்டி. அட்வான்ஸுக்கும் பத்திரப் பதிவுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருந்தால் அது உதவும். ஆனால் அசலைக் கட்டாயமாகக் குறைக்கும் தவணை இல்லையென்றால் கடன் அப்படியே கிடக்கும்.

இனி தவணைக் கணக்கு. 40 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதம் சுமார் 34,700 ரூபாய். 14.5 லட்சத்துக்கு 9.5 சதவீதம், 10 ஆண்டு என்றால் சுமார் 18,800. இரண்டும் சேர்ந்து 53,500. வாடகை 15,000 வந்தாலும் 38,500 சம்பளத்திலிருந்துதான் போகவேண்டும். வீட்டுவரி, பராமரிப்புக் கட்டணம், ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் இதற்கு மேல். தவணை 90 நாளைத் தாண்டி நின்றால் அது வாராக்கடன். பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, பிள்ளைகளோடு நீங்கள் குடியிருக்கும் வீட்டையே வங்கி கையகப்படுத்தலாம். ஆறு மாதத் தவணைக்கான பணம் தனியே இல்லாதவர் இதில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கைப்பணத்தில் பாதியையாவது சேமிப்பிலிருந்து போட்டால் இன்னும் நல்லது.

டாப்-அப் பணம் நேரே விற்பவர் கணக்குக்குப் போகட்டும். வீடு வாங்கத்தான் செலவானது என்று காட்ட முடிந்தால், அந்த வட்டியையும் வாடகை வருமானத்தில் கழிக்கலாம். புதிய வரி முறையில் இருப்பவர்கள் கவனிக்க: வாடகையைத் தாண்டும் வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.