பட்டறைப் புகையும் நமது பொறுப்பும்



விழுப்புரம் பாகர்ஷா வீதியானாலும் திண்டிவனம் நேரு வீதியானாலும், கடைக் கண்ணாடிக்குள் மின்னும் நகை ஏதோ ஒரு பட்டறையில் புகைக்கு நடுவே உருவானதுதான். வெங்காரம், மூசை, திராவகம் என்று பட்டறைச் சாமான்களை மொத்தமாகக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது என்றே வெகுகாலம் இருந்தோம். ஒரு சம்பவம் எங்கள் கண்ணைத் திறந்தது.

திண்டிவனத்தில் நான்கு பத்தர்கள் கூட்டாக நடத்தும் பட்டறை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, புகை இழுக்கும் பெட்டியும் வைத்திருந்தார்கள். ஒரு மாலை, ஒருவர் பழைய நகையைப் பெட்டிக்குள் வைத்துத்தான் திராவகத்தில் போட்டார். ஆனால் கண்ணாடிக் கதவு முழுக்கத் தூக்கியிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறியும் ஓடியது. புகை வெளியே வந்துவிட்டது. லேசான இருமலோடு வீடு போனவரை நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் மூன்று மாதம் பட்டறைக்கு வர முடியவில்லை.

நைட்ரிக் திராவகம் செம்பையும் வெள்ளியையும் கரைக்கும்போது செம்பழுப்பு நிறத்தில் எழுவது நைட்ரஜன் டை ஆக்சைடு. சுவாசித்தவுடன் பெரிதாகத் தெரியாது. பல மணி நேரம் கழித்தே நுரையீரலில் நீர் கோக்கும். ஆகவே இருமல்தானே என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கூட்டுப் பட்டறையில் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. வேலைக்கு முன்பே மோட்டாரைப் போடுங்கள். முடிந்த பிறகும் கால் மணி நேரம் ஓடட்டும்.

2. தினமும் ஊதுவத்தியைப் பெட்டியின் வாயருகே பிடித்துப் பாருங்கள். புகை முழுவதும் உள்ளே இழுபட வேண்டும்.

3. கதவைக் கை நுழையும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். பாத்திரம் வாயிலிருந்து அரை அடி உள்ளே இருக்கட்டும். தலையை உள்ளே நீட்டாதீர்கள். அருகில் உள்ள மின்விசிறியை நிறுத்துங்கள்.

4. புகைக்குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும். அடுத்த வீட்டு ஜன்னலுக்கு நேராக விடக்கூடாது.

5. திராவகப் பெட்டி பிளாஸ்டிக்கில் செய்ததானால் அதில் நெருப்பு வேலை கூடாது. உருக்கவும் பொடி வைத்து ஊதவும் தகரக் கூண்டு தனியாக வேண்டும். காட்மியம் கலந்த பொடியை அறவே விடுங்கள். அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

6. எல்லாவற்றிலும் முக்கியம் இது. மெருகுக்கும் முலாமுக்கும் வைத்திருக்கும் சயனைடு, திராவகம் இருக்கும் பெட்டிக்குள் போகவே கூடாது. இரண்டும் கலந்தால் எழும் வாயு சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும். ஒருவர் கழுவாமல் வைத்த கிண்ணத்தில் இன்னொருவர் திராவகம் ஊற்றினாலே போதும்.

ஆகவே, வேலை முடிந்ததும் பெட்டியைக் காலி செய்து, கழுவி, நோட்டில் பெயர் எழுதிவிட்டுத்தான் அடுத்தவருக்கு விட வேண்டும். நால்வரில் ஒருவர் பொறுப்பாளராக இருக்கட்டும். பொதுச் சொத்து என்றால் யாரும் கவனிக்காத சொத்து என்று ஆகிவிடக் கூடாது.

திராவகம் விற்பவர்கள் வாங்குபவரின் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பதிவேட்டில் எழுதும்போதே, "பெட்டி சரியாக இழுக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நகை செய்யக் கொடுக்கும் கடைக்காரர்களும் பட்டறைக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பத்தர் நலமாக இருந்தால்தான் நம் வியாபாரமும் நலமாக இருக்கும்.