குப்பைக் குழியில் குண்டுப் புழு: நண்பனா, பகையா?



போன மாதம் ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். குழுக் கடன் வாங்கி 20 தென்னங்கன்று நட்ட அக்கா ஒருவர், "நாலு கன்னு குருத்து காய்ஞ்சு போச்சுங்க. தவணையை எதை வெச்சுக் கட்டுவேன்?" என்று கண் கலங்கினார்.

போய்ப் பார்த்தோம். குருத்தில் விரல் நுழையும் ஓட்டை, அதன் வாயில் மென்று தள்ளிய நார். விரிந்த மட்டைகளில் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியது போல் தடம். வீட்டுக் குப்பைக் குழியைக் கிளறினால் நிறைய வெள்ளைப் புழு! "புழு இருந்தா எரு நல்லா மக்கும்னு நீங்கதானே பயிற்சியில சொன்னீங்க?" என்றார். உண்மைதான். மண்புழுவை மனதில் வைத்துச் சொன்னோம், மற்றதைப் பிரித்துச் சொல்லவில்லை. தவறு எங்களுடையது. அதனால்தான் இந்தப் பாடம்.

வண்டின் அடையாளம்

இதன் பெயர் காண்டாமிருக வண்டு. கருப்பு நிறம், 4 முதல் 5 செ.மீ. நீளம். தலையில் பின்பக்கம் வளைந்த ஒரு கொம்பு. ஆணுக்குக் கொம்பு நீளம். பெண்ணுக்கு வால் நுனியில் செம்பட்டை முடி அடர்த்தி. இரவில் பறக்கும், விளக்கு வெளிச்சத்துக்கு வரும்.

புழுவின் அடையாளம்

கட்டைவிரல் பருமன், வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, மூன்று ஜோடிக் கால். பிறை போல் சுருண்டு கிடக்கும். எருக்குழியிலும் மக்கிய தென்னை மரத்திலும் வளரும். மண்புழுவுக்குக் காலும் கிடையாது, தனித் தலையும் தெரியாது.

ஒரு சோதனை: புழுவைத் தரையில் விடுங்கள். மல்லாந்து முதுகாலேயே நகர்ந்தால் அது பூ வண்டின் புழு. குப்பையை மக்க வைக்கும், தென்னைக்குக் கெடுதல் இல்லை, விட்டுவிடலாம்.

இந்த வண்டு 1909-ல் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு சமோவா தீவுக்குப் போய், அங்கே தென்னையை அழித்தது. நாம் எரு வண்டி ஏற்றும்போதும் புழு இப்படித்தான் கூடவே போகும்.

என்ன செய்யலாம்?

1. எரு அள்ளும்போதெல்லாம் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.
2. குருத்து ஓட்டையில் கம்பிக் கொக்கி விட்டு வண்டை இழுத்துக் கொல்லுங்கள்.
3. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.
4. ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துப் பானையில் தோப்பில் வையுங்கள். வாசனைக்கு வண்டு வந்து விழும்.
5. பட்டுப்போன தென்னை மரத்தைத் தோப்பில் கிடக்க விடாதீர்கள்.

ஒருவர் குழியை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. பக்கத்து வீட்டுக் குழியிலிருந்து வண்டு பறந்து வரும். அந்த அக்காவின் குழுவில் எல்லா வீட்டுக் குழியையும் ஒரே நாளில் கிளறுவது என்று தீர்மானம் போட்டார்கள். மீதி 16 கன்றையும் காப்பாற்ற அதுதான் வழி.

அடுத்த கூட்டத்தில் பேச: உங்கள் தெருவில் எத்தனை குப்பைக் குழி? எந்த நாளில் சேர்ந்து கிளறப் போகிறீர்கள்? தீர்மான நோட்டில் எழுதுங்கள்.