கிரில் வாங்கும் முன் நாரை முடிவு செய்யுங்கள்

கரி கிரில் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது இவ்வளவுதான்: ஒரே நேரத்தில் எத்தனை லெக் பீஸ் வைக்கலாம், மடித்து வைக்க முடியுமா, விலையில் ஏதாவது குறையுமா. மறுநாள் காலையில் அதை யார் தேய்ப்பது, எதை வைத்துத் தேய்ப்பது என்று கேட்கிற ஆளைப் பார்ப்பது அபூர்வம். மொட்டை மாடியில் சனிக்கிழமை ராத்திரி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, கொழுப்பு உறைந்த கம்பித்தட்டைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சாய்த்து வைத்தால், ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். கால், மூடி, கைப்பிடி எல்லாம் அப்புறம். முதலில் கம்பித்தட்டு எதனால் ஆனது என்று பாருங்கள். எப்படிச் சுத்தம் செய்வது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஃப்யூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் அகல் விளக்கும் பொம்மையும் சூளையிலிருந்து வெளியே வரும் ஊர். பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண், ஊருக்குள் தொழிற்பேட்டை, செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசு நிறுவனம். சூளைப் பக்கம் நாலு நாள் வேலை பார்த்தவருக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்கும். பீங்கான் மேல் மினுங்கும் கிளேஸ் என்பது கண்ணாடிதான். சூளை ஆறுவதற்கு முன் அவசரப்பட்டுத் திறந்தால் சரக்கில் விரிசல் விழும். கிரில் பராமரிப்பில் பாதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

கடைகளில் ‘போர்சலைன் கோட்டிங்’ என்று சொல்லி விற்கும் பளபளப்பான கருப்புத் தட்டு இந்த ஊர்ச் சரக்குக்கு ஒன்றுவிட்ட உறவு. பொடித்த கண்ணாடிக் கலவையை இரும்பின் மேல் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். எனாமல் என்று நம் வீடுகளில் சொல்லி வந்தது இதைத்தான். பழைய எனாமல் குவளையின் விளிம்பில் சில்லு பெயர்ந்து, அந்த இடம் கருத்து, அங்கிருந்து துரு பரவியதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தட்டு எப்படிச் சாகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பூச்சு முழுசாக இருக்கும்வரை இதைவிடச் சுலபமாகச் சுத்தமாகிற தட்டு கிடையாது. இளஞ்சூட்டில் சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். ஆனால் இரும்புக் கரண்டியால் சுரண்டினாலோ, கம்பி நாரால் தேய்த்தாலோ, கொதிக்கக் கொதிக்க ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாலோ கண்ணாடி கீறும், வெடிக்கும், பெயரும். இரும்பும் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. பூச்சு தயாரிக்கிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துத்தான் கலவை சேர்க்கிறார்கள். மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும் சூட்டுக்கு அந்தக் கணக்கு சரியாக வரும், திடீர்த் தண்ணீருக்கு வராது. எலுமிச்சை, புளி, வினிகர் ஆகியவற்றில் ஊறவைப்பதும் வேண்டாம், பளபளப்பு மங்கிவிடும். வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர் யாராக இருந்தாலும் ‘இதை மட்டும் மெதுவா’ என்று சொல்லி, அது நடக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் வாங்கலாம். அந்த நம்பிக்கை எல்லா வீட்டிலும் இருக்காது.

வார்ப்பிரும்புத் தட்டு இதற்கு நேர் எதிர். கனம், சூட்டைப் பிடித்து வைக்கும், மீன் தோலில் அழகாகக் கோடு போடும். வார்ப்பு தோசைக்கல்லைப் பழக்கி வைத்திருக்கும் வீட்டில் இதற்குப் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை. கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, துணியில் தொட்ட எண்ணெயைத் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்து எடுத்து, புகை வரும்வரை சூடாக்க வேண்டும். சூட்டில் எண்ணெய் கெட்டியாகி இரும்போடு ஒட்டிய கருப்புத் தோலாக மாறும். நாலைந்து முறை செய்தபின் துருவும் பிடிக்காது, கறியும் அவ்வளவாக ஒட்டாது. எண்ணெயை வழிய வழியப் பூசினால் தோல் உருவாகாது. பிசுபிசுப்புதான் மிஞ்சும், அதில் தூசி ஒட்டும். நிறையப் பேர் தோற்றுப் போவது இந்த இடத்தில்தான். புளி போட்டுத் தேய்த்தால் துரு போகும், பழக்கிய தோலும் சேர்ந்து போகும். அதனால் முழுக்கத் துருப்பிடித்த தட்டை மீட்கும்போது மட்டும் புளி, உடனே மறுபடி எண்ணெய். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது. வாரம் ஒருமுறையாவது அடுப்பு மூட்டுகிறவருக்கு இது நல்ல தட்டு. வருஷத்துக்கு மூன்று முறை மூட்டுகிறவருக்கு, ஒவ்வொரு முறையும் துருவோடுதான் ஆரம்பம்.

அவருக்கு எவர்சில்வர் கம்பி. என் வாக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு இதற்குத்தான். எதை வைத்துத் தேய்த்தாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. சபீனா, சாம்பல், ஸ்க்ரப்பர், கம்பி நார் எல்லாவற்றையும் தாங்கும். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். கம்பி 6 மில்லிமீட்டராவது தடிமன் இருக்கட்டும், மெல்லியது சூட்டில் வளைந்துவிடும். அடுத்தது தரம். 304 என்ற வகையில் குரோமியமும் நிக்கலும் கூடுதல். 202 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், விலை குறைவு, துருவும் சீக்கிரம். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி ‘ஒட்டல பாருங்க, ஒரிஜினல் 304’ என்பார். 202 வகையிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை சுட்டதும் கம்பி பொன்னிறமாகவோ நீலமாகவோ மாறினால் பதற வேண்டாம். அது அழுக்கில்லை, சூட்டில் வரும் நிறம். தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கச் செய்வது வீண். எவர்சில்வருக்கு ஆகாதது உப்பும் பிளீச்சிங் பவுடரும். குளோரைடு தங்கினால் ஊசி குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக அரிக்கும். மசாலா தடவிய மீனைச் சுட்டபின் அப்படியே விடாமல் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக வரும் வீட்டில் கழுவியதும் துணியால் துடைத்துவிடுங்கள்.

மலிவான மடக்கு கிரில்லோடு வருவது மேற்சொன்ன மூன்றும் இல்லை, மெல்லிய இரும்புக் கம்பியில் குரோம் முலாம். முலாம் உரிய ஆரம்பித்ததும் தட்டை மட்டும் மாற்றிவிடலாம், உடம்பு இன்னும் சில வருஷம் வரும். அதற்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஜிஐ வலையை வெட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அதன் மேல் இருப்பது துத்தநாகம். சுமார் 420 டிகிரியில் உருகிவிடும். கனன்று கொண்டிருக்கும் கரி அதைவிடச் சூடு. அதிலிருந்து கிளம்பும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் குளிரும் வரும், வெல்டிங் பட்டறைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பழைய ஃப்ரிட்ஜின் தட்டுக்கும் இதே பதில். அதன் மேல் என்ன பூச்சு என்று வாங்கினவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

இனி தேய்ப்பது. முதல் துப்புரவாளர் நெருப்புதான், அதற்குச் சம்பளமும் இல்லை. கடைசித் துண்டை எடுத்ததும் மீதிக் கரியின் மேல் தட்டைப் பத்து நிமிஷம் விடுங்கள். மூடி இருந்தால் மூடிவிடுங்கள். கொழுப்பு எரிந்து மொறுமொறுப்பான கரியாகிவிடும், பிறகு தட்டினாலே உதிரும். குரோம் முலாம் தட்டுக்கு மட்டும் இது ஒத்துவராது.

அடுத்தது நார். இங்கே ஒரு எச்சரிக்கை. கைப்பிடியில் மெல்லிய கம்பி நட்ட பிரஷ் ஒன்று கிரில்லோடு இலவசமாக வரும். அதன் கம்பி உடைந்து தட்டில் ஒட்டி, கறியோடு தொண்டைக்குள் போவதுண்டு. அமெரிக்காவில் 2002 முதல் 2014 வரை இப்படி ஏறக்குறைய 1,700 பேர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்திருப்பார்கள் என்று மிசௌரி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2016இல் கணக்கிட்டார்கள். இலவசம் என்றாலும் அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிடலாம். உரித்த தேங்காய் மட்டையின் ஒரு துண்டு அந்த வேலையை ஆபத்தில்லாமல் செய்யும். பாதி வெங்காயத்தைக் குச்சியில் குத்தித் தேய்ப்பதும் நல்லதுதான், ஆனால் அது சுடுவதற்கு முன் செய்கிற வேலை. உறைந்த பழைய கொழுப்பை வெங்காயம் ஒன்றும் செய்யாது.

அப்படி உறைந்துபோனால் சாம்பல் இருக்கிறதே. விறகுக் கரிச் சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் கார்பனேட் தண்ணீரில் கரைந்து கொழுப்போடு சேரும்போது ஒருவகைச் சோப்பாகிறது. நம் பாட்டிகள் சாம்பலும் நாருமாகப் பாத்திரம் துலக்கியது வெறும் சிக்கனத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். சலித்த சாம்பலை ஈரமாக்கி எவர்சில்வர் கம்பியில் பூசி, அரை மணி நேரம் விட்டு, தேய்த்துப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. உமிச் சாம்பலில் மணல் போன்ற சிலிக்கா அதிகம், எனாமலுக்கு அது கிட்டவே வரக்கூடாது. அலுமினியத் தட்டு, கொழுப்பு பிடிக்கும் கிண்ணம் இவற்றுக்குச் சாம்பலும் சலவை சோடாவும் ஆகாது, கருத்துவிடும். காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனர் இன்னும் மோசம், அலுமினியத்தை அரித்தே விடும்.

தேய்க்கவே பிடிக்காதவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. கடலூரிலிருந்து வரும் சங்கராவோ, வெலிங்டன் ஏரிக் கெண்டையோ, மசாலா தடவி வாழை இலையில் சுற்றிச் சுடுங்கள். கம்பியின் கோடு விழாது, உண்மை. தட்டும் அழுக்காகாது.

காமடோ என்று முட்டை வடிவத்தில் ஒரு அடுப்பு விற்கிறார்கள். ஜப்பானிய மண் அடுப்பின் வழிவந்தது, இப்போது தடித்த செராமிக்கில் செய்கிறார்கள். பீங்கான் ஊர்க்காரர்களுக்கு அதன் மேல் ஒரு பாசம் வரலாம். சூட்டைப் பல மணி நேரம் வைத்திருக்கும், கரியும் குறைவாகத்தான் ஆகும். ஆனால் விலை மிக அதிகம், கீழே விழுந்தால் கதை முடிந்தது. உட்பக்கம் கிளேஸ் இல்லாததால் சோப்பும் தண்ணீரும் உள்ளே இறங்கும். ஈரத்தோடு பெரிய தீ மூட்டினால் நீராவி விரிசல் விடும். எனவே உள்ளே கழுவுவது என்ற பேச்சே இல்லை, எரித்துச் சாம்பலைத் தட்டுவதோடு சரி. மண்சட்டியைச் சோப்பு போடாமல் கழுவுகிற வீட்டுக்கு இது புரியும். மாதம் இரண்டு முறை சுடுகிற வீட்டுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

எரிபொருளும் சுத்தத்தில் சேர்த்திதான். கொட்டாங்குச்சிக் கரி, சீமைக் கருவேலக் கரி இரண்டிலும் சாம்பல் குறைவு. அச்சில் அழுத்திய பிரிக்கெட்டில் பிணைப்புப் பொருள் கலந்திருப்பதால் சாம்பல் கூடுதல். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் கறியிலும் நாற்றம், தட்டிலும் கரிப்பிசின். முந்திரி விளையும் பக்கம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: முந்திரிக்கொட்டை மேலோட்டைக் கிரில்லில் போடவே போடாதீர்கள். அதில் கசியும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், முந்திரி உடைக்கிறவர்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். எரிந்தால் வரும் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும், பிசின் தட்டில் படியும். பாய்லருக்கு அது எரிபொருள், சாப்பாட்டுக்கு இல்லை.

கடைசியாக உடம்பு. தகர உடம்பைத் தின்பது பெரும்பாலும் சாம்பல். உள்ளே விட்டுவைத்த சாம்பல் காற்றின் ஈரத்தை இழுத்துக் காரமாகி, அடியிலிருந்து ஓட்டை போடும். ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையில், கரி முழுக்க அணைந்ததா என்று பார்த்துவிட்டு, இரும்பு வாளியில் கொட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பக்கெட்டில் கொட்டிய சாம்பலுக்குள் ஒரு கங்கு ஒளிந்திருந்தால் பக்கெட் போகும், சில சமயம் பக்கத்தில் காயும் துணியும் போகும். ஐப்பசி மழை ஆரம்பிக்கும் முன் தட்டைத் தனியாகக் கழற்றி, வார்ப்பிரும்பென்றால் எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி வீட்டுக்குள் வையுங்கள். உடம்பைப் பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூடாதீர்கள். உள்ளே ஈரம் வியர்த்து, திறந்து வைத்ததைவிடச் சீக்கிரம் துருவேறும். தைமாதம் எடுக்கும்போது தட்டில் மேலாகத் துரு என்றால் நாரும் எண்ணெயும், எனாமல் பெயர்ந்து சில்லு கையில் வந்தால் புதுத் தட்டு, உடம்பின் அடியில் வெளிச்சம் தெரிந்தால் பழைய இரும்புக் கடை.