கல்லிலிருந்து எழுந்த ஆட்டம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பரதநாட்டியம் கற்கும் குழந்தைகள் அநேகம். ஆனால் ஒரு நடனத்தைப் புதிதாக அமைப்பவர் அதற்கான கருவை எங்கிருந்து எடுக்கிறார், அதை எப்படி வளர்க்கிறார் என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. இதற்குப் பாடமாகக் கொள்ளத்தக்க ஒன்று நாம் பிழைக்க வந்த இந்த மண்ணிலேயே இருக்கிறது. அதுதான் பேரிணி சிவதாண்டவம் என்னும் ஆண்களின் வீர நடனம்.

ஹைதராபாத்திலிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவில், முலுகு மாவட்டம் பாலம்பேட்டில் ராமப்பா கோயில் உள்ளது. காகதீய மன்னர் கணபதிதேவரின் படைத்தலைவர் ரேசர்ல ருத்ரன் 1213-இல் எழுப்பிய சிவாலயம் இது. 2021-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இங்குள்ள கற்களில் ஆடுவோரும் மத்தளம் கொட்டுவோரும் நிறைந்திருக்கிறார்கள். அதே மன்னரின் யானைப்படைத் தலைவர் ஜாயப்பர் 'நிருத்த ரத்னாவளி' என்ற வடமொழி நூலை எழுதினார். அதன் எட்டு அத்தியாயங்களில் முதல் நான்கு மார்க்க நடனத்தையும், பின் நான்கு தேசி நடனத்தையும் கூறும். பேரிணி பின்பகுதியில் வருகிறது. இந்நூலைப் பதிப்பித்தவர் நம் டாக்டர் வி. ராகவன்; சென்னையில் 1965-இல் வெளியாயிற்று.

1323-இல் காகதீயர் ஆட்சி வீழ்ந்தது. பேரிணியும் காலப்போக்கில் மறைந்தது. அதற்கு மறுவாழ்வு அளித்தவர் ஹைதராபாத்தில் வாழ்ந்த நடராஜ ராமகிருஷ்ணா (1923–2011). கோயில்களில் ஆடிவந்த மூத்த பெண்களைத் தேடிச் சென்று, அவர்களுடைய கலையை 'ஆந்திர நாட்டியம்' என்று மேடையேற்றியவரும் இவரே. ஆக, அவர் முன் இருந்தவை மூன்று: கண்ணால் காணச் சிற்பம், இலக்கணம் அறிய நூல், உடலில் ஊறிய மரபுப் பயிற்சி. இவற்றைக் கொண்டு அவர் அமைத்த பேரிணி, 1985 மகா சிவராத்திரியன்று ராமப்பா கோயிலிலேயே ஆடப்பட்டது.

இதில் கடினமான வேலை எது? ரயில்வேயில் உழைத்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த உவமையைச் சொல்கிறேன். வரைபடத்தில் இரண்டு ஸ்டேஷன்களைக் குறிப்பது சுலபம். நடுவே வளைவு எங்கே, ஏற்றம் எவ்வளவு என்று தரையில் நடந்து பார்த்தால்தான் தண்டவாளம் போட முடியும். சிற்பம் என்பது ஸ்டேஷன். நடனம் என்பது பாதை.

தமிழகத்தில் டாக்டர் பத்மா சுப்ரமணியம் செய்த ஆராய்ச்சியும் இத்தகையதே. தஞ்சைப் பெரிய கோயிலில் 108 கரணங்களில் 81 மட்டுமே செதுக்கப்பட்டுள்ளன. மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. கரணம் என்பது அசையா நிலையன்று, அது ஓர் அசைவு. சிற்பி காட்டியது அதில் ஒரு கணத்தை மட்டுமே என்று அவர் நாட்டிய சாஸ்திரத்தோடு ஒப்பிட்டு விளக்கினார்.

அப்படியானால் இன்று நாம் பார்க்கும் பேரிணி 13-ஆம் நூற்றாண்டின் ஆட்டமேதானா? இல்லை. இரண்டு நிலைகளுக்கு இடையே உள்ளது 20-ஆம் நூற்றாண்டுக் கலைஞர் ஒருவரின் சிந்தனை. இதனால் அதன் பெருமை குறையாது. 'எண்ணூறு ஆண்டுகளாக அப்படியே வந்தது' என்று பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் இரண்டு நஷ்டம். அந்த மனிதரின் உழைப்பு மறைந்துபோகிறது. கலையில் இனி நகல் எடுப்பதைத் தவிர தனக்கு வேலையில்லை என்று குழந்தையும் எண்ணிவிடுகிறது.

ஆகவே ஒரு பயிற்சி. விடுமுறையில் ராமப்பா கோயிலுக்குச் செல்லுங்கள். குழந்தை விரும்பும் ஒரு சிற்பத்தின் முன் நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. உடலின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது?
2. இந்தக் கை இதற்கு முன் எங்கே இருந்திருக்கும்?
3. அடுத்து எங்கே போகும்?

விடைகளை ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்குள், தெரிந்த அடவுகளைக் கொண்டு அமைக்கச் சொல்லுங்கள். பிறகு குருவிடம் ஆடிக் காட்டட்டும். அவர் திருத்துவார், திருத்தட்டும். நடன அமைப்பின் முதல் பாடம் அங்கே தொடங்குகிறது.