குரங்கணி மலைவழி

நுழையும் முன்

நீங்கள் இதுவரை சென்றிராத ஒரு மலையில் ஏற வேண்டும். எதிரே, அம்மலையிலிருந்து ஒருவர் இறங்கி வருகிறார். அவரிடம் என்னென்ன கேட்பீர்கள்? மூன்று வினாக்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு பாடத்தைப் படியுங்கள்.

பாடம்

தமிழில் 'ஆறு' என்னும் சொல்லுக்கு மூன்று பொருள்கள் உண்டு. எண்ணாகிய ஆற்றையும் நீரோடும் ஆற்றையும் நீங்கள் அறிவீர்கள். மலையாளத்திலும் இவ்விரு பொருள்கள் உண்டு. மூன்றாவது பொருள் 'வழி' என்பதாகும். இன்றைய பேச்சில் இப்பொருள் வழங்குவதில்லை. ஆயினும் 'ஆற்றுப்படை' என்னும் இலக்கிய வகையின் பெயரில் நிலைத்து நிற்கிறது. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிப்படுத்துதல். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞருக்கு அவ்வள்ளலிடம் செல்லும் வழியை எடுத்துரைப்பதே ஆற்றுப்படையாகும்.

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று மலைபடுகடாம். இதனைக் கூத்தராற்றுப்படை என்றும் கூறுவர். 583 அடிகளைக் கொண்ட இந்நூலைப் பாடியவர் பெருங்கௌசிகனார் என்னும் புலவர். பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஆண்ட நாடு இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியாகும். அவனுடைய மலைநாட்டுக்குச் செல்லும் கூத்தர்க்கு இந்நூல் வழி கூறுகிறது. காட்டுப் பன்றிகளுக்காகப் பொறிகள் வைத்திருப்பர். ஆகவே விடிந்தபின் செல்லுங்கள் என்கிறது. தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் பாய்ந்து வரும். மரங்களின் பின்னே மறைந்து செல்லுங்கள் என்கிறது. வழுக்கும் இடங்களில் எதனைப் பற்றிக்கொள்ள வேண்டும், இரவில் எக்குகையில் தங்க வேண்டும் என்றும் கூறுகிறது. மலையின் அழகைப் பாடிய அதே புலவர், அதன் இடர்களையும் மறைக்காமல் கூறினார். தாம் நடந்து வந்த வழியைப் பிறர் நலம் கருதிச் சொல்பவரே வழிகாட்டி என்பதை இந்நூல் நமக்கு உணர்த்துகிறது.

இனி, நமக்கு அருகிலுள்ள ஒரு மலைவழியைக் காண்போம். கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் மேற்குத் தொடர்ச்சி மலையில் சந்திக்கின்றன. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து மலையை நோக்கிச் சென்றால், மூன்று பக்கமும் மலைகள் சூழ்ந்த குரங்கணி என்னும் சிற்றூரை அடையலாம். அங்கிருந்து ஒற்றையடிப்பாதை ஒன்று மேலேறுகிறது. அடிவாரத்தில் மாவும் இலவமும் நிற்கின்றன. ஏற ஏறக் காப்பித் தோட்டங்கள் வருகின்றன. வழியின் இடையில் உள்ள குடியிருப்பின் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். அதற்கும் மேலே சோலைக் காடும் புல்வெளியும் மாறி மாறி அமைந்துள்ளன. 1700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், மாநில எல்லையை ஒட்டி அமைந்துள்ளது டாப் ஸ்டேஷன். அங்கிருந்து மூணாறு 32 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

இரயில் ஓடாத மலையில் 'ஸ்டேஷன்' என்னும் பெயர் எவ்வாறு வந்தது? ஒரு காலத்தில் அங்கே இரயில் ஓடியது. மூணாற்றுத் தேயிலையை வெளியே கொண்டு செல்ல 1902-ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் அமைத்தனர். அதன்மீது செல்லும் வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908-ஆம் ஆண்டில் அது நீராவி இரயில் ஓடும் குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. மூணாற்றிலிருந்து புறப்படும் இரயில் டாப் ஸ்டேஷனில் நிற்கும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்திற்கு இறங்கும். பின்னர் மாட்டு வண்டிகளில் போடிநாயக்கனூருக்குச் செல்லும். 1924-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பெய்த பெருமழை இருப்புப்பாதையை அழித்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்ததால், கேரள மக்கள் அதனைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று இன்றும் குறிப்பிடுகின்றனர். இரயில் மீண்டும் ஓடவில்லை. பெயர்கள் மட்டும் எஞ்சின.

தேயிலை இறங்கிய மலையில் மனிதர்கள் ஏறினர். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து புறப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள், போடி வழியாக மலைப்பாதைகளில் நடந்தே தோட்டங்களை அடைந்தன. உங்களுள் சிலருடைய முன்னோரும் அவ்வாறு வந்திருக்கலாம். அவர்களை அழைத்து வந்தவர் கங்காணி. அவர் வழி அறிந்தவர். ஆனால் புறப்படும் முன்னரே அவர் முன்பணம் கொடுத்தார்; அம்முன்பணம் கடனாகித் தொழிலாளரைத் தோட்டத்தோடு பிணைத்தது. ஆற்றுப்படைக் கலைஞர் தாம் பெற்ற நன்மையைப் பிறரும் பெற வழி சொன்னார். கங்காணியோ ஆள் சேர்ப்பதால் வரும் ஊதியத்திற்காக வழி காட்டினார். வழி அறிந்தவர் எல்லாரும் நம் நலம் கருதுபவர் ஆகார் என்பதையும் இம்மலைவழி கற்பிக்கிறது.

இம்மலைகளை நெடுங்காலமாக அறிந்தவர்கள் முதுவர் என்னும் பழங்குடியினர். தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர் என்றும், பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் என்னும் பெயர் பெற்றனர் என்றும் அவர்கள் கூறுவர். குரங்கணிக்கு மேலே அவர்கள் வாழும் ஊருக்கு முதுவாக்குடி என்றே பெயர். எந்த ஓடையில் எப்போது நீர் வற்றும், யானை எவ்வழியே வரும், எப்பருவத்தில் எச்சரிவு ஆகாது என்பன போன்ற செய்திகள் மலையில் வாழ்வோரின் நினைவில் உள்ளன.

பருவத்தை அறிவது எத்துணை இன்றியமையாதது என்பதை 2018-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு பெருந்துயரம் காட்டியது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. நடைப்பயணமாக வந்திருந்தவர்கள் அதில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இளைஞர்கள்.

தீ ஏன் அவ்வளவு விரைவாகப் பரவுகிறது? மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவமழையைப் பெறுகிறது. மறுபுறமுள்ள கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழையே பெரும் துணை. அம்மழை டிசம்பரோடு ஓய்ந்துவிடும். மார்ச்சுத் திங்களில் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும். தீயின் நாக்கு இயல்பாக மேல்நோக்கி எழுவது. சரிவில் மேலே உள்ள புல் அந்நாக்கிற்கு அருகில் இருப்பதால் விரைவில் சூடேறிப் பற்றிக்கொள்ளும். எனவே சரிவில் மேல்நோக்கிச் செல்லும் தீ, ஓடும் மனிதரையும் முந்திவிடும். மூணாற்றுப் பக்கம் பசுமையாக இருப்பதைக் கண்டு, மறுபக்கமும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணுதல் பிழையாகும்.

இந்நிகழ்வுக்குப் பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்திற்கு விதிகளை வகுத்தது. 2024-ஆம் ஆண்டில் 40 மலையேற்றப் பாதைகளை நெறிப்படுத்தி, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. காட்டுத்தீப் பருவத்தில் இப்பாதைகள் மூடப்படுகின்றன. வனத்துறையின் இசைவு இன்றிக் காட்டுக்குள் நுழைதல் கூடாது. இது இரு மாநிலங்களுக்கும் பொருந்தும்.

மாணவர்களே! மூடிய பாதையைக் காணும்போது வருத்தம் தோன்றலாம். ஆனால் 'இன்று செல்லாதே' என்பதும் ஒரு வழிகாட்டல்தான். விடிந்தபின் செல்க என்று கூத்தர்க்குக் கூறிய பழம்புலவரின் குரல், அந்த அறிவிப்புப் பலகையிலும் ஒலிக்கிறது. ஏறுவதற்கு முன் மலையைக் கேளுங்கள். மலையை அறிந்து, உங்கள் நலமும் கருதுபவரைக் கேளுங்கள். பின்னர் நீங்கள் நடந்து திரும்பிய வழியை, அடுத்து வருபவருக்கு மறைக்காமல் சொல்லுங்கள்.

சொற்பொருள்

ஆற்றுப்படுத்துதல் – வழிப்படுத்துதல்
பரிசில் – வள்ளல் அளிக்கும் கொடை
பொறி – விலங்குகளைப் பிடிக்கும் கருவி
கவண் – கல்லெறியும் கருவி
தினைப்புனம் – தினை விளையும் மலைநிலம்
இசைவு – அனுமதி

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. அவ்வாண்டு
2. ஒற்றையடிப்பாதை
3. அந்நாக்கு

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. 'ஆறு' என்னும் சொல்லின் மூன்று பொருள்கள் யாவை?
2. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை எவ்வாறு கீழே சென்றது?
3. காட்டுத்தீ சரிவில் மேல்நோக்கி விரைவாகப் பரவுவது ஏன்?

இ. சிந்தித்து எழுதுக.
ஆற்றுப்படைக் கலைஞர், கங்காணி ஆகிய இருவரும் வழி காட்டினர். அவர்களிடையே உள்ள வேறுபாட்டை ஐந்து தொடர்களில் எழுதுக.

ஈ. செயல்பாடு
உங்கள் தாத்தா, பாட்டி அல்லது வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், நம் குடும்பம் எவ்வூரிலிருந்து எவ்வழியாக இங்கு வந்தது என்று கேளுங்கள். அவர் கூறும் ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதி, ஒரு வழிப்படம் வரைக. 'நுழையும் முன்' பகுதியில் எழுதிய மூன்று வினாக்களோடு, இப்போது தோன்றும் ஒரு புதிய வினாவையும் சேர்த்து எழுதுக.