சூரிய வெந்நீர்ச் சாதனமும் பராமரிப்பும்

பெங்களூரில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகள் மின் இணைப்புப் பெறுவதற்குச் சூரிய வெந்நீர்ச் சாதனம் 2007ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. 100 லிட்டர் நீரின் வெப்பநிலையை 35 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் தேவை. அதனைச் சேமிப்பதே இவ்விதியின் நோக்கம்.

ஆனால், ஆழ்குழாய்க் கிணற்று நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூடேறும்போது குழாய்களினுள் படிந்து இறுகுகின்றன. வெந்நீர் இலேசாகி மேல்தொட்டிக்கு ஏறும் சுழற்சி இதனால் தடைப்படுகிறது. வீட்டாரும் மீண்டும் மின்சாரத்தையே நாடுகின்றனர்.

கண்ணாடியின் மீது படியும் தூசியை, வெயில் ஏறுமுன் துடைத்தல் வேண்டும். தொட்டியடியில் தங்கும் வண்டலை அவ்வப்போது வெளியேற்றுதலும், இறுகிய உப்புப் படிவத்தைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு நீக்குதலும் இன்றியமையாதவை. காற்றுப்போக்குக் குழாய் அடைபடலாகாது. சாதனத்தைப் பொருத்துவதோடு பராமரிப்பும் தொடர்ந்தால்தான் விதியின் நோக்கம் நிறைவேறும்.