உதை எங்கே போகிறது?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

செஞ்சி ராஜகிரிக் கோட்டையின் உச்சியில் ஒரு பழைய பீரங்கி கிடக்கிறது. போன மாதம் என் அண்ணன் மகனோடு மேலே ஏறினேன். சென்னையில் படிக்கிறான்; .32 பிஸ்டல் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறான். பீரங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கனம் இருந்தால் சுடும்போது அசையவே அசையாதே, சித்தப்பா?" என்றான்.

அசையும். சக்கர வண்டியில் ஏற்றிய பீரங்கி ஒவ்வொரு வேட்டுக்கும் பல அடி பின்னால் ஓடியது. ஆட்கள் அதைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தி, மறுபடி குறி பார்த்தார்கள். முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டையை முற்றுகையிட்ட காலத்திலும், 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பிடித்தபோதும் பீரங்கிக்காரர்களின் பாடு இதுதான். குழல் மட்டும் பின்னால் நகர, எண்ணெயும் காற்றும் அந்த உதையை வாங்கிக்கொள்ள, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும் பீரங்கியை அதே பிரெஞ்சுக்காரர்கள் 1897-ல் செய்தார்கள். உதை அப்போதும் குறையவில்லை. செங்கல்லை வீசினால் சித்தாள் கையைப் பின்னால் இழுத்தபடி பிடிப்பதுபோல, அது கூடுதல் நேரத்துக்குப் பரவியது, அவ்வளவுதான்.

இறங்கும் வழியில் அவன் தன் திட்டத்தைச் சொன்னான். கடைத் தோட்டா கையை உலுக்குகிறதாம். கூட்டில் தானே மருந்து நிரப்பி, உதை குறைந்த தோட்டா செய்துகொள்ளப் போகிறானாம். இதைப் பற்றிப் பயிற்சிக் கூடங்களில் உலவும் பேச்சுகளை அன்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம்.

"கனமான குண்டு கடுமையாக உதைக்கும்." பாதிதான் சரி. உதையைத் தீர்மானிப்பது குண்டின் எடையும் வேகமும் சேர்ந்த பெருக்கல். ஐ.பி.எஸ்.சி. என்னும் நடைமுறைச் சுடுதல் போட்டிகளில் இதையே ஆயிரத்தால் வகுத்து 'பவர் ஃபேக்டர்' என்று அளக்கிறார்கள். 'மைனர்' பிரிவுக்கு 125 வேண்டும். 9 மி.மீ. துப்பாக்கியில் 124 கிரெயின் குண்டு நொடிக்குச் சுமார் 1,010 அடி வேகத்தில் போனாலும், 147 கிரெயின் குண்டு சுமார் 855 அடி வேகத்தில் போனாலும் அந்த எண் கிடைத்துவிடும். கனமான குண்டுக்கு மருந்து குறைவாகப் போதும். குழலைவிட்டுச் சீறும் புகையும் குறைவு. அந்தப் புகைக்கும் எடை உண்டு, அதுவும் உதைக்கும். அதனால்தான் அந்தப் போட்டிக்காரர்கள் பலர் கனமான குண்டையே மெத்தென்று இருக்கிறது என்கிறார்கள். (நம் நாட்டில் 9 மி.மீ. சாதாரண உரிமத்தில் கிடைக்காது. கணக்குக்காகச் சொன்னேன்.)

"மெதுவாக எரியும் மருந்து மெதுவாகத் தள்ளும்." குண்டு பிஸ்டல் குழலுக்குள் இருப்பதே ஏறத்தாழ ஒரு மில்லி நொடி. அதற்குள் வேகமாக எரிந்ததா மெதுவாக எரிந்ததா என்று எந்தக் கைக்கும் தெரியாது. அதே வேகத்துக்கு மெதுவான மருந்து கூடுதலாக வேண்டும், அதனால் புகையும் கூடும். குழல் முனையில் காம்பென்சேட்டர் மாட்டியவர்களுக்கு அந்தப் புகைதான் தேவை. அது மேல்நோக்கிச் சீறி முனையை அமுக்கும். இவன் ஆடும் ஐ.எஸ்.எஸ்.எஃப். போட்டிகளில் காம்பென்சேட்டருக்கு அனுமதி இல்லை. அங்கே கைகொடுப்பது துப்பாக்கியின் எடை (1,400 கிராம் வரை போகலாம்), ஸ்லைடும் ஸ்பிரிங்கும், கைக்குப் பொருந்திய பிடி. குழலுக்கு எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறோமோ அவ்வளவுக்கு முனை குறைவாக எழும்.

அடுத்ததை மட்டும் அவனை நிறுத்திவைத்துச் சொன்னேன். "மருந்தைக் குறைத்தால் ஆபத்தும் குறையும்" என்கிறார்கள். இல்லை, தம்பி. அளவுக்கு மீறிக் குறைத்தால் குண்டு வெளியே வராமல் குழலிலேயே சிக்கிக்கொள்ளும். சத்தம் 'டப்' என்று அமுங்கிக் கேட்கும். அவசரத்தில் அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். வேகமான மருந்து கூட்டின் அடியில் சிறிதளவே கிடக்கும். ஞாபகமறதியாக இரண்டு முறை ஊற்றினாலும் கூடு நிரம்பாது, கண்ணுக்கும் தெரியாது. குண்டைக் கொஞ்சம் ஆழமாக அழுத்திவிட்டால், மருந்து அதேதான், அழுத்தம் மட்டும் ஏறிவிடும். தயாரிப்பாளர் அட்டவணையின் கீழ் எல்லைக்கு அடியிலும் போகக் கூடாது, மேல் எல்லையைத் தாண்டியும் போகக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சட்டம் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். விளையாட்டுக்காக என்றாலும் குற்றம்தான்.

.22 தோட்டாவுக்கு மருந்து நிரப்பும் பேச்சே கிடையாது. அதில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஒருமுறை அடித்தால் விளிம்பு நசுங்கிவிடும். மறுபடி நிரப்ப முடியாது.

"உதை குறைந்தால் புள்ளி ஏறும்." இவன் ஆடும் 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியின் வேகச் சுற்றில் இலக்கு 3 நொடி முகம் காட்டும், 7 நொடி மறையும். ஒரு முகத்துக்கு ஒரே குண்டு. எழுந்த முனையை இறக்கிவர நேரம் தாராளமாக இருக்கிறது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 600-க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் போட்டியில்தான். அப்படியானால் உதை எங்கே கெடுக்கிறது?

அதற்குப் பதில் அடுத்த வாரம் சென்னையில், சுடும் மேடையில் கிடைத்தது. பயிற்சியாளர் அவனுக்குத் தெரியாமல் மேகஸினில் ஐந்துக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை வைத்தார். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவதில் 'க்ளிக்' மட்டும் கேட்டது. ஆனால் முனை, யாரோ மேலிருந்து அடித்ததுபோல, இரண்டு விரல் அளவு கீழே குனிந்தது. மணிக்கட்டு இறுகியிருந்தது, கண்ணும் ஒருமுறை மூடித் திறந்தது. வராத உதைக்குக் கை முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது. குண்டு இருந்திருந்தால் அது இலக்கின் அடியில் போய் விழுந்திருக்கும். அவனும் தோட்டாவைத்தான் திட்டியிருப்பான்.

அவன் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பயிற்சியாளரிடம் திரும்பி, "இன்னொரு பெட்டியிலும் இப்படிக் கலந்து வையுங்க சார், எத்தனைன்னு சொல்லாதீங்க" என்றான்.